வசைமொழியும் இளஞ்செவியும்



தமிழின் தொன்மையையும் இனிமையையும் எடுத்தோதுவதற்கென்றே அமைந்ததுபோல் விளங்கும் இவ்வறக்கட்டளை மேடையில், அதே தமிழில் நாம் சொல்லவும் கேட்கவும் கூசுகின்ற ஒரு பகுதியைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று எழுதியபோது, சிறிதும் தயங்காமல் இசைவு தந்த அறக்கட்டளைக் குழுவினருக்கு முதற்கண் என் நன்றி உரியது. நான் எடுத்துக்கொண்ட பொருள் வசைமொழி. அதிலும் குறிப்பாக, வளரும் பிள்ளைகளின் செவியில் விழுகின்ற வசைமொழி. தமிழ்நாட்டில் கெட்ட வார்த்தை என்றும் ஈழத்தில் தூஷணம் என்றும் வழங்கும் அச்சொற்களுள் அவைக்கு ஒவ்வாதவற்றை நான் இங்கே உச்சரிக்கப்போவதில்லை. உச்சரிக்காமலே அவை யாவை என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். அப்படித் தெரிந்திருப்பதும், எங்கே யாரிடம் தெரிந்துகொண்டோம் என்பது பெரும்பாலோருக்கு நினைவில்லாதிருப்பதும், இவ்விஷயம் எவ்வளவு இளமையிலேயே நம்முள் புகுந்துவிடுகிறது என்பதற்குப் போதிய சான்றாகும்.

தீயசொல்லை மறைத்துச் சொல்லும் நாணம் ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்த பழக்கம் என்று சிலர் கருதுவதுண்டு. அது சரியன்று. தொல்காப்பியர், சொல்லதிகாரத்து எச்சவியலில், அவையில் சொல்லத் தகாததை மறைத்தே சொல்ல வேண்டும் என்று விதித்தார்; விதித்த கையோடு, நெடுங்காலமாக வழக்கில் ஊறிப்போனவற்றை மறைக்க வேண்டுவதில்லை என்று விலக்கும் தந்தார். அவ்விலக்குக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள் ஆப்பியும், ஆட்டுப் பிழுக்கையும், யானை இலண்டமும் ஆகும். தொழுவமும் கிடையுமாக வாழ்கின்ற மக்களிடம் போய்ச் சாணத்தின் பெயரைச் சொல்லாதீர் என்பது பேதைமை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னர் 13ஆம் நூற்றாண்டையொட்டி நன்னூல் செய்த பவணந்தி முனிவர், இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் தகுதி வழக்கு என்று ஒருங்கு வைத்தார். இறந்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், கொல்லைக்குப் போய் வந்தவரைக் கால் கழுவி வந்தார் என்பதும் அதன்பாற்படும். இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. இவ்விலக்கணம் காப்பது அவையின் நாகரிகத்தை. அதன் கவலை உடலையும் மலசலத்தையும் சாவையும் பற்றிய கூச்சத்தோடு நின்றுவிடுகிறது. பிறனொருவனை இழிவு செய்து புண்படுத்தும் சொல்லைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை; அது அறநூலின் காரியம் என்று விட்டுவிட்டது. அக்காரியத்தை வள்ளுவர் எடுத்துக்கொண்டு, அடக்கமுடைமை, இனியவை கூறல், புறங்கூறாமை என்று அதிகாரம் அதிகாரமாக ஆராய்ந்தார்.

நம் இல்லங்களிலோ, இலக்கணக்காரர் சொன்ன கூச்சத்தைப் பிள்ளைகளுக்கு அடித்துக் கற்பிக்கிறோம். வள்ளுவர் கவலைப்பட்ட காயத்தை மனப்பாடப் பகுதியோடு விட்டுவிடுகிறோம். தீச்சொற்களுக்கு நாம் வைத்திருக்கும் தராதரம் தலைகீழாக இருக்கிறது என்பதும், அந்தத் தலைகீழ்த் தராதரத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கிறார்கள் என்பதுமே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நெடுங்காலம் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில், எந்தப் பள்ளியிலும் எந்த வாரத்திலும் காணக்கூடிய ஒரு பிற்பகலை உங்கள் முன் வைக்கிறேன். ஆறாம் வகுப்பு. மதிய உணவு முடிந்து மணி அடித்திருக்கிறது. ஒரு பையன் கண் கலங்க வந்து நிற்கிறான்.

“சார், இவன் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டான் சார்.”

“என்னடா சொன்னான்?”

பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். பக்கத்தில் நிற்கும் தோழன்தான் உதவிக்கு வருகிறான். “‘ஓ’வுல ஆரம்பிக்கும் சார்.” வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொள்கிறது. குற்றவாளி எழுப்பப்பட்டு, காது திருகப்பட்டு, வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். மறுநாள் அப்பாவை அழைத்து வர வேண்டும் என்ற ஆணையும் பிறக்கிறது. அடுத்த பாடவேளையில், உரைநடைப் பாடத்தை உரக்கப் படிக்க எழுந்த ஒரு பிள்ளை முதல் எழுத்திலேயே நாத் தடுக்கி நிற்க, பின்வரிசையிலிருந்து ஒருவன் அந்தத் தடுக்கலை அப்படியே நடித்துக் காட்டி, ‘திக்குவாயா’ என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. ‘ஏய், சும்மா இருங்கடா’ என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, ‘நீ உட்காருப்பா, அடுத்தவன் படி’ என்று ஆசிரியர் மேலே செல்கிறார். யாரும் முறையிடவில்லை, யாருடைய தந்தையும் அழைக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் தானாக ஒரு முறைகூடப் படிக்க எழுவதில்லை. அங்கே இருந்த நாற்பது பிள்ளைகளும் அன்று கற்றுக்கொண்டது உரைநடைப் பாடமன்று. எந்தச் சொல்லுக்குத் தண்டனை உண்டு, எந்தச் சொல்லுக்குச் சிரிப்பு உண்டு என்ற பாடமே அவர்கள் மனத்தில் பதிந்தது.

இதைக் கண்டு, பழங்காலத்தில் எல்லாம் தூய்மையாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்று பெருமூச்செறியும் பக்ஷத்தில் நான் சேரமாட்டேன். தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேசும் கொச்சைக்கும், வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் பேசும் இரட்டைப் பொருளுக்கும் முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளே. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு மக்களின் வாயிலிருந்து பாலியல் கதைகளைத் திரட்டி ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று தலைப்பிட்டுத் தந்தாரே, அக்கதைகள் உலவிய களத்துமேட்டிலும் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அண்மைக் காலத்தில் பெருமாள்முருகன் ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்று ஒரு நூலே எழுதி, நம் இலக்கியத்திலும் வழக்கிலும் இச்சொற்களுக்கு இருந்த இடத்தை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கிராமத்துப் பிள்ளைக்குச் சொல்லோடு சேர்ந்து, அச்சொல் புழங்கும் எல்லையும் கிடைத்தது. மாமன், மச்சான், கொழுந்தி, மதினி என்று கேலி செய்வதற்கு உரிய முறைக்காரர் யார், பங்காளி, தமையன், சம்பந்தி என்று வாய் திறக்கக் கூடாதவர் யார் என்பதைப் பிள்ளை பத்து வயதுக்குள் பார்த்தே பழகிக்கொண்டது. கூத்துக் களரியில் கேட்டதைக் கோயில் வாசலில் சொல்லக் கூடாது என்பதும், மச்சானிடம் சொன்னதைச் சித்தப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் அல்ல. அதே கிராமத்தில் வயது முதிர்ந்த ஒருவரை அவருடைய சாதியின் பெயரால் விளித்து, ‘டேய்’ என்று ஒருமையில் ஏவுவதற்கு மேல்தெருச் சிறுவனுக்கும் உரிமை இருந்தது என்பதையும், அதை ஒருவரும் கெட்ட வார்த்தை என்று எண்ணவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். பழைமையைப் போற்றுகிறவர்கள் இந்த இரண்டாம் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருவதாகும்.

இக்காலத்து நகர வீடுகளில் நடப்பது வேறு. மூன்று வயதுக் குழந்தை, தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் சொல்லிப்போன சொல்லை, பொருள் சிறிதும் அறியாமல், அதன் ஓசையையும் உக்கிரத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு, விருந்தினர் நடுவே மழலையில் சொல்லிவிடுகிறது. கூடத்தில் சிரிப்பு வெடிக்கிறது. ‘இன்னொரு தடவை சொல்லுடா கண்ணா’ என்று சித்தப்பா கேட்கிறார். அத்தை அதைத் தொலைபேசியில் படம் பிடிக்கிறார். அது குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகிறது. ஈராண்டு கழித்து அதே குழந்தை அதே சொல்லை அதே கூடத்தில் சொல்லும்போது வாயில் அடி விழுகிறது. சில வீடுகளில் மிளகாய்ப்பொடி தடவுவதும் உண்டு. இடையில் மாறியது என்ன என்று குழந்தைக்கு ஒருவரும் சொல்வதில்லை. சிரிப்பும் அடியும் ஆகிய இரண்டும் அதற்கு ஒரே செய்தியைத்தான் தருகின்றன: இச்சொல்லைச் சொன்னால் பெரியவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தகைய ஆற்றல் வாய்ந்த ஒரு சொல்லைக் குழந்தை மறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாமை. முதல் நாளிலேயே சிரிக்காமலும் சீறாமலும், ‘அது மத்தவங்க மனசைக் கஷ்டப்படுத்துற சொல்லு, நம்ம வேற சொல்லிக்கலாம்’ என்று கூறிவிட்டுப் பேச்சை மாற்றினால், பெரும்பாலான குழந்தைகள் அதை அங்கேயே விட்டுவிடுகின்றன என்பது என் அனுபவம்.

இனி, வசைச் சொற்களைச் சற்று நெருங்கி ஆராய்வோம். வெறும் உடலுறுப்பின் பெயராக நிற்பவை ஒருபுறம் இருக்க, நம் தெருக்களில் மிகுதியாக வழங்கும் வசைகள் எதிரியின் தாயையோ, தமக்கையையோ, மனைவியையோ இழுத்துக் கற்பைப் பழிப்பவை. சண்டை இரண்டு ஆடவர்களுக்கு இடையே. அடி விழுவதோ அங்கே இல்லாத ஒரு பெண்ணின் மீது. கல் தடுக்கி விழுந்தால் ‘ஐயோ அம்மா’ என்று தன் தாயைக் கூப்பிடுகிறவன், சினந்தால் பிறன் தாயைச் சந்திக்கு இழுக்கிறான். இச்சொற்களைப் பையன்கள் தோழமையின் அடையாளமாகவே ஒருவர் மீதொருவர் வீசி விளையாடும்போது, அவ்வழியே பள்ளிக்குப் போகும் சிறுமி தன் இனத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்கிறாள் என்று நாம் கேட்பதில்லை. அவளே அச்சொல்லைச் சொல்லிவிட்டாலோ, ‘பொம்பளைப் புள்ள பேசுற பேச்சா இது’ என்ற கண்டனம் அண்ணனுக்குக் கிடைத்ததைவிட இரண்டு பங்கு உரத்து வருகிறது. அடுத்த வகை, சாதியைச் சுட்டி இகழ்வன. மூன்றாவது வகை, குருடு, செவிடு, நொண்டி, பைத்தியம் என்று உடற்குறையையும் உள நோயையும் ஏளனமாக்குவன. முதல் வகையைச் சொன்னால் பிள்ளையை அடிக்கிற வீடுகளிலேயே, மற்ற இரண்டும் சோற்று வேளைப் பேச்சாகப் புழங்குகின்றன.

இவ்விஷயத்தில் வீட்டைவிடச் சட்டம் முந்திச் சென்றிருக்கிறது. பொதுவிடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் சொற்களைப் பேசுவோருக்கு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி) பிரிவில் விதித்த தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவும் அதே மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு, அபராதத்துக்கு 1,000 ரூபாய் என்று வரம்பு கட்டியிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தினால், ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறையை விதிக்கிறது; சாதிப் பெயரால் வைவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாகவே எடுத்தெழுதியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளியைப் பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு அதே ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை என்று வகுத்துள்ளது. கூச்சத்தைப் புண்படுத்தியவனுக்கு மூன்று மாதம். மனிதனைப் புண்படுத்தியவனுக்கு ஐந்தாண்டு வரை. இந்தத் தராதரத்தை எந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

காவல் நிலையத்தில் ஆபாசச் சொல் பற்றிய பிரிவின் கீழ்ப் புகார் கொடுக்க வந்து நிற்கும் ஒரு பெண்மணியின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். திட்டினான் என்று சொன்னால் போதாது. என்ன சொல்லித் திட்டினான் என்பது அறிக்கையில் இடம்பெற்றால்தான் வழக்கு நிற்கும். ரைட்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, ‘சொல்லும்மா, என்ன வார்த்தை சொன்னான்?’ என்கிறார். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, உடன்வந்த அண்ணியைப் பார்க்கிறார். வாழ்நாளெல்லாம் தன் நாவில் ஏறாதபடி காத்துவந்த சொல்லை, தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லாகவே, அந்நிய ஆடவர் நாலைந்து பேர் நடுவே எடுத்துச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு. அவ்விடத்தில் அந்த அம்மாளின் வாயிலிருந்து வரும் சொல் சாட்சியம். எழுத்து ஒன்றேயாயினும், யார் யாரை நோக்கி எதற்காகச் சொன்னார் என்பதே அதன் குணத்தை நிர்ணயிக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் வீடுகளிலேயே உண்டு. ‘கட்டையில போறவனே, சாப்பிட்டுட்டுப் போய் விளையாடுடா’ என்று சோற்றுத் தட்டோடு பேரனைத் துரத்தும் பாட்டிமார் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். பேதியில் போக, அம்மை வாரிக்கொண்டு போக என்ற சாபங்களெல்லாம், வாந்திபேதியும் பெரியம்மையும் ஊர் ஊராகப் பிணம் விழச் செய்த காலத்தில் உண்மையான அச்சத்தோடு பிறந்தவை. அவற்றைப் பாட்டியின் நாக்கு கொஞ்சலாக்கிவிட்டது. பேரனுக்கு அது நன்றாகத் தெரியும். அவன் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். அச்சொல்லால் அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால், ஒரு கெட்ட வார்த்தையும் கலவாத பேச்சில், ‘நீ எதுக்குமே லாயக்கில்ல, எங்க மானத்த வாங்கப் பொறந்தவன்’ என்று மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லும் தந்தையின் வார்த்தை, அப்பிள்ளையின் நெஞ்சில் ஆண்டுக்கணக்காகத் தங்குகிறது. தண்டச்சோறு, சனியன், மூதேவி, தறுதலை ஆகிய இவற்றை எந்தத் தணிக்கைக் குழுவும் ஒலியடைக்கப்போவதில்லை; ஆயினும் பிள்ளையை நோக்கி நாள்தோறும் வீசப்படும்போது இவற்றினும் கொடிய வசை இல்லை என்பதே என் துணிபு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பிள்ளைகளுக்கு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் விலக்கியிருக்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட ஆசிரியர்கள் பலர். நாவையும் அவ்வாறே கீழே வைக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் கட்டளை என்பதைப் பள்ளிகள் இன்னும் முழுமையாக உணரவில்லை.

வசையே முற்றிலும் பயனற்றது என்று நான் வாதிடவில்லை. வலியின்போது வாய்விட்டு வைவதில் ஓர் ஆறுதல் உண்டு என்பது சாமானியர் அனைவரும் அறிந்ததே. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்டீபன்ஸ் என்ற உளவியலாளர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், பனிக்குளிர் நீரில் கையை அமிழ்த்தி வைத்த மாணவர்கள், வசைச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள் என்று கண்டார். ஈராண்டுக்குப் பின் அவர் செய்த மற்றோர் ஆய்வில், அன்றாடம் வைது பழகியவர்களுக்கு அப்பயன் குறைவாகவே கிட்டியது என்பதும் புலப்பட்டது. வலி தாங்க மாட்டாமல் சுவரைப் பார்த்துக் கத்துகிறவனுக்கும், தன்னிலும் எளியவன் ஒருவனைத் தேடிப் பிடித்து அவன்மேல் சொல்லை எறிகிறவனுக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே பிரம்பால் அடிக்கிறோம்.

திரைப்படத்தையும் கைபேசியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கைக்காரர் ஒலியை அறுத்த இடத்தில் நடிகரின் உதடு அசைவதைக் கண்டே, விடுபட்ட சொல்லைப் பிள்ளைகள் நிரப்பிக்கொள்கிறார்கள். திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது பிரித்துச் சான்றிதழ் வழங்க வழி செய்திருப்பது நல்லதே. எனினும் கையில் இருக்கும் சிறு திரைக்கு வாயிற்காவலர் இல்லை. அங்கே சொல் வருகிறது. கூத்துக் களரியில் வந்ததைப் போல அதன் எல்லை கூடவே வருவதில்லை. அந்த எல்லையைக் காட்டித்தரும் பொறுப்பு இப்போது முழுக்க முழுக்கப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. காதைப் பொத்துவதால் அப்பொறுப்பு நிறைவேறாது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். தகுதி வழக்கை நாம் இன்றும் பள்ளி இலக்கணத்தில் நடத்துகிறோம். கால் கழுவி வந்தான் என்ற உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சற்று அவசரப்பட்டு, மங்கலத்துக்குத் தாவிவிடுகிறோம். அந்தச் சிரிப்பு எழும் கணம்தான் நமக்கு வாய்த்த சந்தர்ப்பம். அவ்விடத்தில் ஒரு கால்மணி நேரம் நின்று, தன்னைப் புண்படுத்திய ஒரு சொல்லை, தன் பெயரோ சொன்னவர் பெயரோ இல்லாமல், ஆளுக்கொரு தாளில் எழுதி மடித்து மேசைமேல் வைக்கும்படி கேட்கலாம். அத்தாள்களுள் ஆபாசச் சொற்கள் சில இருக்கும்; ஆனால் குண்டன், கருவாயன், திக்குவாயன், சாதியைச் சுட்டும் சைகை, அப்பாவின் தொழிலைச் சொல்லிச் செய்த ஏளனம் ஆகிய இவையே மிகுந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். சாதிப் பெயர்களை ஆசிரியர் உரக்கப் படிக்க வேண்டுவதில்லை. மற்றவற்றைப் படித்து, இவற்றுள் எதைக் கேட்டால் வலி அதிகம் என்று பிள்ளைகளையே வரிசைப்படுத்தச் சொல்லி, அந்த வரிசையைப் பெற்றோர் கூட்டத்திலும் எடுத்து வைக்கலாம். யார் எழுதியது என்று கையெழுத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முயலாதிருப்பது இம்முயற்சியின் முதல் நிபந்தனை.

இதை எந்த வகுப்பில், எந்தப் பாடத்தோடு, எவ்வாறு நடத்துவது என்பதை விளக்கும் சிறிய கையேடு ஒன்றை, பள்ளி ஆசிரியர் சிலரும் குழந்தை மனநல மருத்துவர் ஒருவரும் கூடி எழுதினால், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் வாயிலாக அதைக் கிராமப் பள்ளி வரையில் கொண்டுசெல்ல இயலும். இவ்வறக்கட்டளையின் ஆண்டு வருவாயில் ஒரு பகுதியை அக்கையேட்டுக்கு ஒதுக்குமாறு குழுவினரைப் பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன். எழுதும் குழுவில் என் உழைப்பும் தேவைப்படின், அதைத் தரச் சித்தமாக இருக்கிறேன்.